மேனேஜரின் ரிக்வெஸ்ட்

குடித்துவிட்டு வேலை போனவனைப் பார்த்திருக்கிறேன். திருடி வேலை போனவனும் எங்கள் தெருவில் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்டு வேலை போனவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

செஞ்சிக்கு வெளியே ஒரு சின்ன செருப்புக் கம்பெனி இருந்தது. இப்போது இல்லை. (அதற்கு நான் காரணமில்லை.) அதன் கேட்டில் வாட்ச்மேன் வேலை. அதற்கு முன்னால் பார்த்த வேலைகளைச் சொன்னால் வெட்கம். எதிலும் தங்கமாட்டேன். கால் ஒரு இடத்தில் நிற்காது. அப்படிப்பட்டவனை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்காருவேன், எழுந்திருப்பேன். கேட்டைத் திறப்பேன், மூடுவேன். யாரும் வராவிட்டாலும் திறந்து பார்ப்பேன்.

ஆனால் அந்த வேலையை விட முடியாது. என் மனைவி செல்வி அவலூர்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். கோபித்துக்கொண்டு போனவள் இல்லை. அலுத்துப் போனவள். அது இன்னும் மோசம்.

“வேல பர்மனென்ட் ஆவட்டும். ஆன அன்னிக்கே பஸ் ஏறி வரேன். அதுவரிக்கும் போன் பண்ணி உயிர எடுக்காத” என்று சொல்லிவிட்டாள்.

வேலை வாங்கிக் கொடுத்தவன் அவளுடைய அண்ணன் வெங்கடேசன். அதே கம்பெனியில் லோடிங் சூப்பர்வைசர். பன்னிரண்டாவது படித்தவன். பேச்சில் பாதி இங்கிலீஷ் இருக்கும். “மாப்ள, என் மானம் உன் கையில இருக்குது” என்றான். நான் கையைப் பார்த்துக்கொண்டேன்.

சேர்ந்த வாரமே குழப்பம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தர் ஆர்டர் என்றார். ஒருத்தர் இன்ஸ்ட்ரக்ஷன் என்றார். நான் படித்தது எட்டாவது. டீக்கடையில் மச்சானைக் கேட்டேன்.

“மச்சான், எத மொதல்ல செய்யறது?”

அவனுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் உயிர். டீயைக் கீழே வைத்தான்.

“கமாண்ட்னா மிலிட்டரி, மாப்ள. உயிரே போனாலும் செய்யணும். ஆர்டர்னா ஆபீஸ். கேள்வி கேக்காம செய்யணும். இன்ஸ்ட்ரக்ஷன்னா, எப்பிடி செய்யறதுன்னு சொல்லித் தர்றது. அட்வைஸ்னா மண்டைய ஆட்டிட்டுப் போயிரு.”

“ரிக்வெஸ்ட்?”

“அது நம்ம இஷ்டம். புடிச்சா செய்யி.”

“அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லியா?”

“கெஞ்சறதுதான்.”

புரிந்துவிட்டது. மனசுக்குள் ஏணி மாதிரி நிறுத்திக்கொண்டேன்.

சிக்கல் எங்கே என்றால், மேனேஜர். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். சத்தமே வராது. கேட்டுக்குள் வந்த நாயைக்கூட “போங்க, போங்க” என்பார். அவர் வாயில் ரிக்வெஸ்ட் தவிர வேறு வராது. “ஒரு ரிக்வெஸ்ட்ங்க, தினமும் ஷேவ் பண்ணிட்டு வாங்க” என்றார். யோசித்தேன். பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன். “ஒரு ரிக்வெஸ்ட்ங்க, நாற்காலிய நிழல்ல போட்டுக்கங்க” என்றார். அது பிடித்தது. செய்தேன். கம்பெனியிலேயே பெரிய ஆள், இப்படி அடிமட்ட வார்த்தையாகப் பார்த்துப் பேசுகிறாரே, மேலே இவரை மதிப்பதில்லை போல என்று எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட உண்டு.

பர்மனென்ட் ஆகிற நேரம் நெருங்கியது. நல்ல கோடை. கோட்டை மலைப் பாறையெல்லாம் அடுப்புக்கல் மாதிரி அனல் விட்டது. அன்று காலையிலேயே செக்யூரிட்டி ஆபீசர் போன். மிலிட்டரியில் ரிட்டயர் ஆனவர்.

“ஏழுமலை! இது என் கமாண்ட்! பாஸ் இல்லாம ஒரு ஈ உள்ள போவக் கூடாது!”

“சரி சார்.”

வைத்ததும் உள்ளே இருந்து புரொடக்ஷன் ஆள் வந்தான். “பசை லாரி வருது. வந்த ஒடனே உள்ள உடு. லேட் ஆச்சுன்னா லைன் நின்னுடும். இது ஆர்டர்.”

“சரி சார்.”

அப்புறம் மேனேஜர். வெயிலில் கேட் வரைக்கும் அவரே நடந்து வந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

“ஏழுமலை, ஒரு ரிக்வெஸ்ட்ங்க. நம்ம செருப்ப வாங்கற பையர் வர்றாருங்க. வெளிநாட்டுக்காரர். அவர் வண்டிய நிறுத்தாம விட்டுருங்க. அவர் வர்ற வரைக்கும் வேற வண்டி வேண்டாங்க.”

“சரிங்க சார்.”

மூன்றையும் ஏணியில் ஏற்றினேன். கமாண்ட் மேலே. ஆர்டர் நடுவில். ரிக்வெஸ்ட் கீழே. கணக்குச் சரி. ஆனாலும் நிலைகொள்ளவில்லை. கேட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். எதிரே நுங்கு விற்றவர், “இன்னாப்பா, பிரசவத்துக்கு உட்டுட்டு வந்தவன் மாரி நடக்கற?” என்றார்.

முதலில் பசை லாரி வந்தது. பாஸ் இருந்தது. கமாண்டும் சரி, ஆர்டரும் சரி. திறந்தேன். டிரைவர் அவசரமாக வளைத்தான். பின் சக்கரம் கால்வாயில் இறங்கியது. லாரி கேட்டுக்குக் குறுக்கே படுத்த எருமை மாதிரி நின்றுவிட்டது.

பின்னாலேயே வெள்ளை கார்.

“பாஸ்?” என்றேன்.

டிரைவர் கண்ணாடியை இறக்கினான். “யோவ், வெள்ளக்காரர் உள்ள இருக்காரு. தெரில?”

“ஈக்கே பாஸ் வேணும்.”

“இன்னாது?”

“ஈ.”

அதற்குள் வெள்ளைக்காரர் இறங்கிவிட்டார். தக்காளி நிறம். அவரை உள்ளே விடக்கூடாது, சரி. அதற்காக வந்த மனுஷனை வெயிலில் நிற்க வைப்பதா? எங்கள் ஊரில் வழக்கமில்லை. நாற்காலியைத் தள்ளினேன். குடையைப் பிடித்தேன். நுங்குக்காரரைக் கூப்பிட்டேன். சீவிக் கொடுத்தார். பையர் அதை எங்கே கடிப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டை விரலை விட்டு நோண்டிக் காட்டினேன். அவரும் விட்டார். வெள்ளைச் சட்டையில் பீய்ச்சி அடித்தது. சரியாகக் காட்டவில்லையோ என்று இன்னொன்று வாங்கிக் காட்டினேன். அது டையில் அடித்தது.

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து மேனேஜர் வெளியே வந்தபோது, நான் குடை பிடித்துக்கொண்டு பையரின் டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லாரி நகரவில்லை. பையருக்குச் சென்னையில் வேறு வேலை. வாட்சைப் பார்த்தார். கை கொடுத்தார், எனக்கும்தான். கேட்டோடு கார் திரும்பிவிட்டது. மேனேஜர் அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

“எனக்கே கஷ்டமாத்தான் இருக்குங்க. நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாங்க. இது என் ரிக்வெஸ்ட்.”

அப்பாடா என்றிருந்தது. ஆர்டராக இருந்திருந்தால் அங்கேயே இடிந்து உட்கார்ந்திருப்பேன்.

“யோசிச்சு சொல்றேன் சார்” என்றேன்.

  நான் சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உண்மையாகவே யோசித்தேன். செல்வி வர வேண்டும். மச்சான் மானம் இருக்கிறது. ஒத்துவராது என்று முடிவெடுத்தேன். காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டு போனேன். (அவரும் ஒன்று கேட்டிருக்கிறாரே, பாவம்.)

என் நாற்காலியில் இன்னொருத்தன் உட்கார்ந்திருந்தான். யூனிபார்ம் புதுசு.

“நீ யாரு?” என்றான்.

“இந்த கேட்டு வாட்ச்மேன்.”

“அப்ப நானு?”

“தெரியாது. நீ உக்காரு. எனக்கு உக்காந்தா ஆவாது.”

மேனேஜர் கார் வந்தது. இரண்டு சல்யூட். கார் நின்றது. இறங்கினார்.

“ஏழுமலை, நேத்து சொன்னேனுங்களே?”

“யோசிச்சேன் சார். தோதுப்படாது. வூட்ல நெலம அப்பிடி. நீங்க வேற ஒண்ணு கேளுங்க, பாக்கலாம்.”

பின்னால் மச்சான் ஓடி வருவது தெரிந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்தான். மேனேஜரின் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. 

“வெளிய போய்யா!”

குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது. பழக்கமில்லாத தொண்டை. ஷெட்டில் இருந்து பெண்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் கத்துவதை யாரும் பார்த்ததில்லை. அவருக்கே பயம் வந்துவிட்டது.

“...போங்க” என்றார், மெதுவாக.

“இத நேத்தே சொல்லியிருந்தா ஒரு நடை மிச்சம் சார்” என்றேன். கிளம்பிவிட்டேன்.

மத்தியானமே செல்வி வந்து இறங்கினாள். மச்சான் போனில் எல்லாம் ஒப்பித்திருந்தான். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“யோவ், உன்ன எவன்யா யோசிக்கச் சொன்னது? என்னக் கட்டறப்ப யோசிச்சியா? இருந்த வேலய எல்லாம் உட்டியே, அப்ப யோசிச்சியா? அந்த ஒரு நாளுதான் உனுக்கு மூள வேல செஞ்சுதா?”

 உள்ளே வாசல், வாசல் உள்ளே என்று நடந்துகொண்டிருந்தேன். தெரு முழுக்கக் கேட்டது. திட்டித் தீர்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“சரி. அந்த ஆளு ரிக்வெஸ்ட்னு சொன்னதும் நீ இன்னா சொன்ன? நீ சொல்லு, அண்ணன் சொல்றது நம்புற மாரி இல்ல.”

சொன்னேன்.

“சார்னு வேற சொன்னியா?”

“சொன்னேன்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மைதான்.

“பஸ் எல்லாம் போயிருக்கும்” என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.

வெயில்கூடத் தாழவில்லை. அவலூர்பேட்டைக்கு எப்போது பஸ் என்று எனக்கு மனப்பாடம். வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்து போய் உலை வைத்தாள்.

இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். நிறுத்து என்றால் நிறுத்துகிறேன். எங்கள் சொந்தத்தில் அந்தப் பதில் மட்டும் நிலைத்துவிட்டது. இன்னொரு கரண்டி சாதம் வேண்டுமா என்றால்கூட “யோசிச்சு சொல்றேன் சார்” என்பார்கள்.

போன மாதம் மச்சான் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை தளவானூர் பக்கம். பெண்ணைச் சபையில் உட்கார வைத்து, “சம்மதமா மா?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். அவள் தலை குனிந்தபடியே சொன்னாள்:

“யோசிச்சு சொல்றேன் சார்.”

எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் பக்கம் முகம் வெளுத்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு ஒருத்தர் எழுந்தேவிட்டார். விளக்கம் சொல்ல என்னைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். வருஷத்துக்குப் பேசுகிற பேச்சை அன்று ஒரே மூச்சில் பேசினேன். ஈ, எருமை, நுங்கு, டை எல்லாம் சொன்னேன். வியர்த்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா கடைசிவரை சிரிக்காமல் கேட்டார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

“அவரு வேல போனது இருக்கட்டுங்க. பொண்ணுக்கு சம்மதமா, இல்லியா?”