ஸ்கூட்டர் சீட்டில் ஒரு நாய்

"இன்னிக்கு ஒண்ணு அந்த நாய், இல்ல நான்!"

காலை ஆறு மணிக்கு இஸ்ரவேல் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துகொண்டது. எழுந்திருக்க வேண்டிய நாய் மட்டும் எழவில்லை. அவருடைய ஸ்கூட்டர் சீட்டில், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மல்லாந்து கிடந்தது. கிட்டே போனால் பல்லைக் காட்டும். சிரிப்பதற்காக இல்லை. இரண்டு மாதமாக ஸ்கூட்டர் இருந்தும் மனுஷன் ஆபீசுக்கு நடராஜா சர்வீஸ். வண்டி நாய்க்கு, வேர்வை எனக்கா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

மைசூரில் வீட்டுக்கு வீடு கேட்டில் நீலத் தண்ணீர் பாட்டில் தொங்கும். நாய் அண்டாதாம். இஸ்ரவேலும் மாட்டினார். ஒன்றல்ல, பதினொன்று. வெள்ளைத் துணிக்கு வைத்திருந்த நீலம் பூராவும் தீர்ந்தது. நாய் பாட்டில்களைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, புரண்டு படுத்தது.

பக்கத்து வீட்டு மஞ்சுநாத் மதில் மேலே எட்டிப் பார்த்து, பாதி தமிழும் பாதி கன்னடமுமாகச் சொன்னார்.

"நாய்தானே சார்! கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி."

"நீ பண்ணுய்யா அட்ஜஸ்ட்! உன் வண்டியில படுக்க வையேன், பார்ப்போம்!"

மஞ்சுநாத்தின் தலை மதிலுக்குப் பின்னால் போய்விட்டது.

மனைவி ரோசலின் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போடாத காபி. அது வேறு கோபம்.

"ஏங்க, மாத்த முடியாததை ஏத்துக்கணும்னு ஃபாதர் கோயில்ல சொல்றாரே, காதுல விழலையா?"

"ஃபாதர்கிட்ட ஸ்கூட்டர் இருக்கா?"

"இருக்கு."

"அதுல நாய் படுக்குதா?"

"இல்ல."

"அப்ப அவர் சொல்லத்தான் சொல்வாரு!"

மறுநாள் விடிவதற்குள் இஸ்ரவேல் துடைப்பக்கட்டையோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். நாய் வரட்டும், இன்றைக்கு இருக்கிறது அதற்கு.

கதவு திறந்தது. ரோசலின் வந்தாள். ஸ்கூட்டர் சீட்டில் நாலு பிஸ்கட்டை வைத்து, தட்டிக் கூப்பிட்டாள்.

"ஏறுடா கண்ணு. ஐயா ஆபீசுக்குக் கிளம்புற வரைக்கும் எறங்கக் கூடாது, என்ன?"

நாய் ஏறிப் படுத்தது.

"அடிப்பாவி!" துடைப்பக்கட்டையை ஓங்கியபடி இஸ்ரவேல் பாய்ந்தார். "கட்டின புருஷனுக்கே குழி பறிக்கிறியா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குதுடி!"

ரோசலின் அசரவில்லை. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கட்டும்! சர்க்கரையில உங்க அண்ணனுக்குக் காலையே எடுத்தாங்களே, மறந்துட்டீங்களா? நடங்க நடங்கன்னு டாக்டர் ஏழு வருஷமா கத்துறாரு. நானும் கெஞ்சினேன், அழுதேன், பட்டினி கிடந்தேன். தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டர்லதானே போனீங்க? இப்ப சுகர் எவ்வளவு எறங்கியிருக்குன்னு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க!"

இஸ்ரவேலின் கையிலிருந்த துடைப்பம் மெல்லத் தாழ்ந்தது. ஆனாலும் அவர் வாக்குவாதத்தை விடவில்லை.

"அதுக்காக நாயை ஏவி விடுவியா?"

"வேற என்ன செய்ய? உங்களை மாத்த முடியாதுன்னு ஏத்துக்கிட்டேன். நாய்கிட்ட சொன்னேன், ஒரே நாள்ல கேட்டுக்கிச்சு."