பெண் வீட்டார் எழுந்திருக்காத கல்யாணம்

எதையாவது கற்றுக்கொள் என்றால் எனக்கு வராது. கற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிக்கச் சொல்லுங்கள், அதில் என்னை அடித்துக்கொள்ள பெங்களூரில் ஆள் கிடையாது.

வைட்ஃபீல்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மொபைல் ஆப் எழுதுவது என் பிழைப்பு. ஒரே தடவை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுகிற மாதிரி ஒரு குறுக்குவழி இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஐபோனுக்கென்று ஸ்விஃப்ட் என்ற சொந்த மொழி தனியாக உண்டு. அதைக் கற்பதா, குறுக்குவழியிலேயே காலத்தை ஓட்டுவதா? மெட்ரோவில் இதைப் பற்றி வீடியோ பார்த்தேன். கேன்டீனில் இரண்டு கட்சிக்கும் மாறி மாறி வாதாடினேன். (ஸ்விஃப்டில் ஒரு வரியாவது எழுதினாயா என்று கேட்காதீர்கள்.)

அப்போதுதான் என் தம்பி ஜோவுக்கும் ஷீபாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் விவேக் நகர் கத்தோலிக்கர்கள். அவர்கள் கோலார் தங்கவயல் பக்கத்து வேறு சபைக்காரர்கள். ஷீபாவின் அப்பா அரை மனதோடுதான் சரி சொல்லியிருந்தார். "உங்க கோயில்ல எப்ப எழுந்திரிக்கணும், எப்ப உக்காரணும்னே எங்க ஜனத்துக்குத் தெரியாது. திருதிருன்னு முழிக்கணுமா?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பூசைப் புத்தகம்கூட அடிக்க வேணாம் அங்கிள், நான் ஆப் போடறேன். என் போன்ல அழுத்தினா எல்லார் போன்லயும் பக்கம் மாறும். எழுந்திரி, உக்காருன்னு அதுவே சொல்லும்."

"எங்கக்கா சாஃப்ட்வேர்ல பெரிய ஆளு" என்றான் ஜோ. பாவி, நிஜமாகவே நம்பினான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆபீஸ் தோழி கவிதா தன் ஐபோனில் நான் எழுதிய ஆப்பைப் போட்டுப் பார்த்தாள். "ஆண்ட்ராய்டுல நல்லாத்தான் ஓடுது. ஐபோன்ல ஸ்க்ரீன் அணைஞ்சா அவ்வளவுதான், மறுபடி தட்டி எழுப்பினாலும் பழைய பக்கத்துலயே நிக்குது. ஸ்விஃப்ட்ல நாலு வரி எழுது, சரியாப் போயிடும்."

"எழுதலாம். ஆனா நாலு வரிக்காக ஒரு மொழியையே கத்துக்கணுமான்னு யோசிக்கிறேன்."

"யாருடி மொழியைக் கத்துக்கச் சொன்னா? நாலு வரி!"

அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

கோயிலில் வலது பக்கம் எங்கள் ஆட்கள், பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. இடது பக்கம் ஷீபா வீட்டார், கைக்குக் கை ஐபோன். பாட்டு, வாசகம் எல்லாம் அழகாகப் போயின. ஃபாதர் மறையுரைப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது லேசில் முடியவில்லை. இடது பக்கத்துப் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

'திருமண வாக்குறுதி. எழுந்து நிற்கவும்' பக்கத்தை அழுத்தினேன். வலது பக்கம் மொத்தமும் எழுந்தது. இடது பக்கத்தார் போனைத் தட்டிப் பார்த்தார்கள். 'மறையுரை. அமரவும்' என்றது. அமர்ந்தே இருந்தார்கள். முதல் வரிசையில் ஷீபாவின் அப்பா, மடியில் போனும் கட்டிய கையுமாக.

சம்மதமா என்று கேட்கப்போகிற நேரத்தில் பெண் வீடே எழுந்திருக்க மறுத்தால் என்ன அர்த்தம்? "என்னடா இது, அவங்களுக்கு இஷ்டமில்லையா?" என்று என் சித்தப்பா கோயில் முழுக்கக் கேட்கும்படி கிசுகிசுத்தார். எங்கள் அப்பாவின் முகம் வெளுத்தது. ஷீபாவின் கண் கலங்கிவிட்டது. ஐயோ, என் தம்பி கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனே!

அவசரமாக 'அடுத்து' பொத்தானை அழுத்தினேன். இடது பக்கம் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். ஐபோன்கள் கல்லாக நிற்க, ஆண்ட்ராய்டுகள் ஓடிப்போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றன. பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிற எங்கள் ஜனம், போனைப் பார்த்ததும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, இறுதிப் பாடலை உரக்கப் பாடத் தொடங்கியது. பெண் வீடு உட்கார்ந்திருந்தது. எங்கள் வீடு கல்யாணத்தை முடித்துப் பாடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு பேர் இன்னும் கல்யாணமே ஆகாமல் நின்றார்கள்.

ஃபாதர் மைக்கைத் தட்டினார். "இடது பக்கம் உள்ளவங்களுக்கு ஏதாவது ஆட்சேபணையா?"

ஷீபாவின் அப்பா மெல்ல எழுந்தார்.

"எங்களுக்குச் சம்மதம்தான் ஃபாதர். இந்தப் போன்தான் சம்மதிக்க மாட்டேங்குது."

கோயிலே சிரித்தது. போன்களை உள்ளே வைக்கச் சொல்லி, எழு, உட்கார் எல்லாவற்றையும் ஃபாதரே மைக்கில் சொல்லிக் கல்யாணத்தை நடத்தி முடித்தார். ஜோ அன்று பிரியாணி முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஷீபாவின் அப்பா நாற்காலி அருகே நின்றுகொண்டு, "உக்காரலாமாம்மா? உத்தரவு வந்துடுச்சா?" என்று என்னைக் கேட்காமல் உட்காருவதில்லை.

போன மாதம் ஜோவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். இந்த முறை புத்தகம் அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஷீபா என் கையில் ஒன்றைத் திணித்தாள்.

"ஸ்விஃப்ட் கத்துக்கிட்டீங்களா அண்ணி?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"நிதானமா யோசிங்க. இப்ப எழுந்திரிங்க, எல்லாரும் நிக்கிறாங்க."