பாலைவன மலையில் ஒரு பொதுக்கூட்டம்

எவரெஸ்ட்டில் முதலில் கால் வைத்தவர் யாப்பு அண்ணையாக இருந்திருந்தால், வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் முடியும்வரை ஒருத்தரையும் கீழே இறங்க விட்டிருக்க மாட்டார். கொடி நடுவதெல்லாம் அப்புறம்தான்.

அவருடைய சொந்தப் பெயர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாப்பு என்றால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேச்சில் சங்கத்தின் சட்டதிட்டம். அது ஒரு நீலக் கோப்பாக எப்போதும் அவருடைய கக்கத்தில் இருக்கும். பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தேழு. வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பாலைவன தேசத்துக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய், யாரும் கேள்விப்படாத மொட்டை மலை ஒன்றில் ஏறுவதுதான் அவர் செயலாளராக இருந்த சங்கத்தின் ஒரே நோக்கம். ஏன் பாலைவனம் என்று ஒருநாள் கேட்டேன்.

"லண்டனில முப்பது வருஷம் நனைஞ்சிட்டன் தங்கச்சி. ஒருக்காக் காய வேணும்" என்றார்.

நான் மதுரைக்காரி. வங்கி வேலை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத இந்த மனிதர் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். சும்மா ஒரு மரியாதைக்குக் கையெழுத்துப் போட்டேன். அதோடு மாட்டினேன். சங்கத்தில் என்னையும் சேர்த்து உறுப்பினர்கள் பன்னிரண்டு, பதவிகள் பதினான்கு. அன்று மாலையே என்னை ஊடகப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

"ஊடகம்னா நான் என்னண்ணே செய்யணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. பதவி சும்மா கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பயிற்சி ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, ஒரு ஐந்து மாடி கார் பார்க்கின் படிக்கட்டில். எங்கள் பக்கத்தில் அதைவிட உயரமான மலை கிடையாது. முதுகுப் பையில் ஆளுக்குப் பத்துக் கிலோ புழுங்கலரிசியைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தால், அண்ணை நீலக் கோப்பைத் திறந்து சென்ற வாரக் கூட்ட அறிக்கையை வாசிப்பார். "ஏழு மணிக்குத் தொடங்கியது" என்று அவரே எழுதியதை, "ஏழு மணி நான்கு நிமிடம்" என்று அவரே திருத்துவார். அதற்கு ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். கார் பார்க் காவலாளி, போலீஸைக் கூப்பிடுவதா இல்லை சங்கத்தில் சேர்ந்துவிடுவதா என்று யோசித்தபடி நின்றுகொண்டிருப்பார்.

இத்தனை ஆயத்தம் செய்தும் அண்ணை அதுவரை ஒரு உச்சியையும் மிதித்ததில்லை. மொராக்கோவில் பாதி மலையில் மணற்புயல் வந்து திருப்பி அனுப்பியது. ஓமானில், மாதக்கணக்கில் மழையையே காணாத மலையில், இவர் கால் வைத்த அன்று கொட்டித் தீர்த்தது. மூன்றாவதாக ஜோர்தான். கிளம்புவதற்கு முன் நடந்த கூட்டத்தில் வழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"போயிட்டு வந்து அடுத்த மாசம் எனக்கு முழங்கால் ஒப்பரேஷன். இனி மலை ஏறக் கூடாதெண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். இந்த முறை எப்பிடியும் உச்சியில கூட்டம் வைக்க வேணும்."

அன்று மட்டும் யாரும் கேலி பேசவில்லை.

ஜோர்தானில் மலையடிவாரத்திலேயே விழா தொடங்கிவிட்டது. எங்களுக்கு வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரரைப் பிரதம விருந்தினர் என்று அறிவித்து, பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடம் தமிழில் பாராட்டினார். அந்த மனிதர் பொன்னாடையைக் கழற்றவே இல்லை. ஜரிகை பளபளக்க அவர் முன்னால் போக, நாங்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி பின்னால் போனோம்.

உச்சிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது, வழி ஒரு பாறை விளிம்பாகச் சுருங்கியது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் எங்கள் ஜீப் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. விளிம்புக்கு முன்னால் இருந்த அகலமான பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னால முடியாதுண்ணே. சத்தியமா முடியாது. நீங்கள்லாம் போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்."

"அப்ப தங்கச்சி இதில இருக்கட்டும்" என்றார் தலைவர். "நாங்கள் மேல கெதியாக் கூட்டத்தை முடிச்சிட்டு வருவம்."

யாப்பு அண்ணை கோப்பைத் திறந்தார். "ஏலாது. எட்டாம் விதி. எல்லா அங்கத்தவரும் இருந்தால்தான் பொதுக்கூட்டம். ஒராள் குறைஞ்சாலும் செல்லாது. கூட்டம் இஞ்சதான்."

"உச்சியில எண்டெல்லே அண்ணை இவ்வளவு நாளும் சொன்னனீங்கள்!" என்றார் தலைவர்.

"விதி விதிதான்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் உட்கார்ந்தார்கள். வரவேற்புரையின் இரண்டாம் பக்கத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. மனப்பாடமாக இருந்ததால் பேச்சு குறையவில்லை. நன்றியுரை முடிந்ததும் பிரதம விருந்தினர் மட்டும் மனமாரக் கைதட்டினார். பிறகு மற்றவர்கள் அவரோடு உச்சிக்குக் கிளம்பினார்கள். அண்ணை எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"நீங்களாவது போய்ட்டு வாங்கண்ணே. உங்களுக்கு இதுதானே கடைசி?"

"அறிக்கையைச் சுடச்சுட எழுத வேணும் தங்கச்சி. பிந்தினால் மறந்துபோகும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு வருடம் தவம் கிடந்த உச்சி கால் மணி நேரத்தில் இருக்கிறது. இந்த மனுஷனுக்கு அறிக்கை முக்கியமாம்! மேலேயிருந்து எங்கள் ஆட்களின் ஆரவாரம் கேட்டது. அண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.

முழங்கால் ஒப்பரேஷன் முடிந்தபின் அப்டன் பார்க்கில் ஒரு மண்டபத்தில் அடுத்த கூட்டம். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அதனால் அறிக்கை வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. நீலக் கோப்பு முதல் தடவையாக என் கைக்கு வந்ததும், அந்த எட்டாம் விதியைத்தான் தேடினேன். 'பொதுக்கூட்டம் நடத்த ஐந்து அங்கத்தவர் போதுமானது' என்று அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது.

பிறகு அறிக்கையை எடுத்து வாசித்தேன்.

"இடம்: மலையுச்சி. சமூகமளித்தோர்: பன்னிருவர். ஊடகப் பொறுப்பாளர் எவ்வித சிரமமுமின்றி உச்சியை அடைந்தார்..."

மிச்சத்தையும் வாசித்து முடித்துக் கோப்பை மூடினேன்.

"திருத்தம் ஏதும் உண்டோ?" என்று தலைவர் கேட்டார். நிஜமாகவே உச்சிக்குப் போய் வந்த பத்துப் பேரும் அங்கேதான் இருந்தார்கள். அறிக்கையை அப்படியே ஏற்பதாகத் தலைவரே முன்மொழிந்தார்; மற்ற ஒன்பது பேரும் ஒன்றாக வழிமொழிந்தார்கள். அண்ணை மட்டும் கூரையில் ஏதோ பெரிய வேலை இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடப்பிறந்த அண்ணன்கள் எனக்கு மதுரையில் இரண்டு பேர். இப்போதெல்லாம் யாராவது கேட்டால், மூன்று என்று சொல்லிவிடுகிறேன்.