அரிசித் தட்டில் என் தலை

என் மகளுக்கு ஏடு தொடக்கிய விஜயதசமி அன்று நான் குடித்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவிக்கும் ஆசிரியன் நான், சொந்தப் பிள்ளைக்கு வேறொருவர் தொடக்குவதா என்று வீறாப்பாக அவளை மடியில் இருத்தினேன். அவளுடைய விரலைப் பிடித்து அரிசியில் வைத்தேன். அரிசி வெண்மணற் கரைபோலக் கிடந்தது. குளிர்ச்சியாக இருக்குமே என்று தோன்றியது. தட்டில் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். (குறட்டை விட்டேன் என்பது மனைவியின் கூற்று. அதை நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.)

மறுநாள் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறுப்பிட்டியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அண்ணன், என் மைத்துனர், ஒரு வழி சொல்ல வந்தார்.

"மண்கும்பானிலை இளைப்பாறின ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஒருத்தர் குடியை விட்ட ஆக்களைச் சேர்த்து வைச்சுக் கதைக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலை கடற்கரைப் பனங்கூடலுக்குள்ளை வட்டமாய் இருப்பினம். பிளாவிலை கூழ் குடிச்சுக் குடிச்சுத் தங்கடை கதையைச் சொல்லுவினம். அங்கை போய்ப் பேசிப்போட்டு வாரும். தங்கச்சி வருவாள்."

பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டும் கிண்ணம். எங்கள் தீவுகளில் கூழுக்கும் அதுதான், கள்ளுக்கும் அதுதான். இதை மைத்துனரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஞாயிறு நண்பகலில் சைக்கிளில் பாலத்தைக் கடந்தேன். இருபுறமும் கடல் அசையாமல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் மிதிக்கிறேனா, யாரோ என்னை இழுத்துப் போகிறார்களா என்றுகூட ஐயமாக இருந்தது. மண்கும்பானில் பனங்கூடலின் நிழலில் சில ஆண்கள் வட்டமாக இருந்தார்கள். எல்லோர் கையிலும் பிளா. கள் மணத்தது. குடியை நிறுத்திச் சில நாளானவனுக்குக் கோயில் மடைப்பள்ளியிலும் கள் மணக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"வாரும், இரும்," என்றார் அவர்களில் மூத்தவரான சூசை அண்ணை. மீன்பிடிகாரர், அகன்ற மார்பு.

இருந்தேன். வெட்கத்தில் மணலையே பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே தொடங்கினேன். "நான் ஒரு குடிகாரன். படிப்பிக்கிறனான். பிள்ளையின்ரை ஏடு தொடக்கத்திலை அரிசித் தட்டிலை விழுந்து படுத்தனான்."

ஒருவன் சிரித்தான். "சிரியாதையடா!" என்று இன்னொருவன் அவன் முதுகில் அடித்தான்.

"அந்தப் பிள்ளை எழுத்து எழுதினதோ?" என்று சூசை அண்ணை மெல்லக் கேட்டார்.

"இல்லை. தட்டு முழுக்க என்ரை தலை."

அவர் அழுதுவிட்டார். எல்லோரும் அழுதார்கள். எவ்வளவு நல்ல கூட்டம், எவ்வளவு ஈரமான மனிதர்கள் என்று உருகி நிமிர்ந்தேன். அப்போதுதான் பக்கத்துப் பிளாவில் வெள்ளை நுரை தெரிந்தது. என் கை தானாக நீண்டது.

"உமக்கு இல்லை," என்று அதைப் பிடித்தார் சூசை அண்ணை.

"ஒரு வாய்..."

"ஏலாது. இவ்வளவு நேரமும் அழுதுபோட்டு இப்ப கேக்கிறீரோ?"

"நீங்கள் குடிக்கிறியள்தானே!"

"நாங்கள் விடுறம் எண்டு ஆருக்கும் சொல்லேல்லை."

அந்த நேரம் பார்த்து, அப்பால் நடந்த உண்மையான கூழ்க் கூட்டத்தில் என்னைக் காணாமல் தேடிவந்த மைத்துனர் பனைகளுக்கிடையில் நின்றார். அவர் கண்டது நீட்டிய என் கையையும் நுரைத்த பிளாவையும். வந்த வழியே திரும்பினார்.

நான் இறுப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஓலைப் படலை சாத்தியிருந்தது.

"குடிக்கேல்லையப்பா," என்றேன்.

"அண்ணை கண்டவர்," என்றது படலைக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல். பிள்ளையின் கண் ஒன்று ஓலை இடுக்கில் தெரிந்து மறைந்தது.

எனக்கு இருந்த சாட்சிகள் அந்தக் கள்ளுக் கூட்டத்தார்தான். மறுநாள் மண்கும்பானுக்குப் போய்ச் சூசை அண்ணையின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவரும் கூட்டாளிகள் இருவரும் வெளுத்த வேட்டி கட்டி, தைரியத்துக்குச் சிறிது போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்தபடி படலை முன் நின்றார்கள்.

"தங்கச்சி, நாங்கள் குடிச்சனாங்கள். இப்பவும் குடிச்சிருக்கிறம். ஆனா உம்மடை மனுசன் குடிக்கேல்லை. கேட்டவர். நாங்கள் குடுக்கேல்லை."

"கேட்டவரோ?"

"ஓம். கெஞ்சினவர்."

படலை திறந்தது. "குடிக்கேல்லை எண்டு மட்டும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டன்," என்றாள் மனைவி. மூவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள். எனக்குப் பிறகுதான் கிடைத்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் மைத்துனர் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூழ்க் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். வழியில் சூசை அண்ணை தன் பிளாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எனக்குத் தலையாட்டுவார்.

அடுத்த விஜயதசமிக்கு, விட்ட எழுத்தைத் தொடக்கி வைக்கட்டுமா என்று மகளிடம் அனுமதி கேட்டேன். அதற்குள் அவள் கரித்துண்டால் சுவர் முழுக்க எழுதப் பழகியிருந்தாள். ஆனாலும் வந்து மடியில் இருந்தாள். பிறகு எதையோ நினைத்து எழுந்து ஓடினாள். தலையணை ஒன்றைத் தூக்கி வந்து அரிசித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அப்பாவுக்கு."

அவள் விரலைப் பிடித்து எழுதினேன். 'அ' கோணலாக வந்தது.

பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஏடு தொடக்கத்துக்கும் மகள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தலையணை வைப்பாள். நான் நல்ல பிள்ளையாக நிமிர்ந்திருப்பேன். அதைப் பார்த்த சம்பந்தி வீட்டார் எங்கள் தீவின் சடங்கு என்று எண்ணி, தங்கள் வீட்டிலும் தலையணை வைத்து, அதற்குச் சந்தனமும் பூசுகிறார்களாம். நான் திருத்தப் போகவில்லை.