டேப் மாஸ்டரும் பத்தடி வளையமும்

பழனியில் முருகனைத் தவிர மற்ற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் டேப் மாஸ்டர்தான். முருகனை விட்டுவைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர் ஏமாற்றப்பட்டவர் என்பது மாஸ்டருடைய கட்சி. அம்மையப்பரைச் சுற்றிவிட்டு, உலகத்தையே சுற்றியாகிவிட்டது என்று அண்ணன் பழத்தை வாங்கிக்கொண்டு போனாரே, அந்த இரண்டு தூரத்தையும் யாராவது டேப் பிடித்து அளந்தார்களா என்று கேட்பார். அளந்திருந்தால் பழம் நம்மாளுக்குத்தான் வந்திருக்குமாம், கோபித்துக்கொண்டு மலையேறுகிற சோலியே இருந்திருக்காதாம்.

எழுபதுகளின் கடைசியில் நான் படித்த கல்லூரியில் அவர் விளையாட்டு ஆசிரியர். எட்டு வருஷமாக டெம்பரரி. கூடைப்பந்து அணிக்குக் கோச்சும் அவரே. சொந்தப் பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருந்திருக்கலாம், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இடுப்பு பெல்ட்டில் வட்டமான தோல் உறைக்குள் ஐம்பதடி டேப் ஒன்று எந்நேரமும் தொங்கும். சர்வேயர்கள் நிலம் அளக்கிற ரகம். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்பதில் ஹாஸ்டலில் இரண்டு கட்சி இருந்தது.

ஒரு நாள் மெஸ்ஸில் தோசை மேல் டேப்பை வைத்து அளந்தார். திங்கட்கிழமை பத்து இஞ்சு இருந்த தோசை வியாழக்கிழமை எட்டரை இஞ்சு. சமையல்காரர் ஆளை மாற்றினாரா, கல்லை மாற்றினாரா என்று விசாரணை நடந்து முடிவதற்குள் எங்கள் தட்டில் இருந்ததெல்லாம் ஆறி அவலாகிவிட்டது.

டேப்பின் முனையை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். தரையில் அளந்தால் முனையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். நான் பிடிக்கிறேன் என்று ஒரு தடவை போனதற்கு, "கல்லு இழுத்துப் பிடிக்காது, லூசாவும் விடாது. நீ ரெண்டும் செய்வ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அணிக்கு ஆள் எடுத்த அன்று உயரம் அளக்கும்போது நான் குதிகாலைத் தூக்கினேன். அவர் என் காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டை நுழைத்துப் பார்த்துவிட்டார்.

உயரம் அளக்க அவரிடம் ஒரு தொரட்டி இருந்தது. ஆயக்குடித் தோப்பில் கொய்யா பறிக்கிற மூங்கில் தொரட்டி. அதன் கொக்கியில் டேப்பின் முனையைக் கோத்து, கூடைப்பந்து வளையத்தில் மாட்டி, கீழே குத்தவைத்து உட்கார்ந்து அவரே படிப்பார். வளையம் தரையிலிருந்து பத்தடி இருக்க வேண்டும், அதுதான் சட்டம். வெளியூர் ஆட்டம் என்றால் பஸ்ஸில் பந்து வருகிறதோ இல்லையோ, தொரட்டி வந்துவிடும். கண்டக்டர்கள் அதைப் பார்த்ததும் பின் படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

இப்போது நான் அணியில் சேர்ந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். மொத்தம் ஏழு ஆட்டம், ஏழிலும் தோற்றோம். நாங்கள் ஒன்றும் கையாலாகாதவர்கள் இல்லை. எங்களிடம் பூண்டு இருந்தான். மன்னவனூரில் பூண்டு போடுகிற குடும்பத்துப் பையன், ஆறடி இரண்டு இஞ்சு. எங்கள் மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் வளையத்துக்குள் போடுவான். அதே பூண்டு வெளியூர் போனால் பந்து வளையத்தின் முன் விளிம்பில் முட்டித் திரும்பி வந்து அவன் மூக்கிலேயே அடிக்கும். எனக்கும் அதே கதிதான்.

திண்டுக்கல்லில் முதல் ஆட்டம் தோற்றதும் மாஸ்டர் தொரட்டியைத் தூக்கினார். அளந்தார். எழுந்தார். எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கரெக்டா பத்தடி இருக்குலே. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

நாம் அளப்போம் என்று தெரிந்து ஆட்டம் முடிந்த கையோடு இறக்கி வைத்திருக்கிறார்கள் என்றார். அதற்கப்புறம் போன ஊரிலெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை அளந்தார். மூன்று தடவையும் பத்தடி. சரி, பந்தில்தான் கோளாறு என்று பந்தை அளந்தார். பந்து சரியாக இருந்ததால் நடுவரைச் சந்தேகப்பட்டார். மதுரைக்குப் போனபோது அந்த ஊர்க் கோச் எங்கள் தொரட்டியைப் பார்த்து, கொய்யா விற்க வந்தீர்களா என்று கேட்டுச் சிரித்தார். வழுக்கைத் தலையும் வெள்ளைப் பேண்டுமாக இருந்த அந்த மனிதரை மாஸ்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

கொடைக்கானல் ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தொரட்டி யார் தலையிலாவது இடித்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கிவிட்டது. வளையமும் தெரியவில்லை, எதிராளியும் தெரியவில்லை. நான் ஒரு பந்தை அழகாக வாங்கி அந்த ஊர்ப் பையனுக்கே பாஸ் கொடுத்தேன். அவன் 'தேங்க் யூ' என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் மாஸ்டர் பெருமாள்மலை வரை நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "மூணு மணிக்கு மஞ்சு எறங்கும்னு தெரிஞ்சேதான் மூணு மணிக்கு மேட்ச்ச வச்சிருக்கானுங்க" என்றார். அவருடைய சந்தேகங்களில் அது ஒன்றுதான் உண்மையாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு நினைப்பு.

ஏழாவது தோல்விக்குப் பிறகு பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டார். அடுத்த வருஷம் ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் கூடைப்பந்தை மூடிவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டுவிடுவேன், கோச்சுக்கும் இங்கே வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார். பிரின்சிபாலின் மச்சான் தகரக் கொட்டகை போடுகிறவர் என்பதை மாஸ்டர் அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. அவருக்கு மூன்று பெண் குழந்தைகள் இருந்தார்கள்.

அடுத்த சீசனைப் பற்றி அவர் நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பூண்டும் நானும் திருட்டுத்தனமாகப் பார்த்தோம். பூண்டின் பெயருக்கு நேரே 'நம்பலாம். பூண்டு அறுவடை நேரம் தவிர' என்று இருந்தது. என் பெயருக்கு நேரே, 'கையில் குறி உண்டு. ஆளைக் கவனிக்கணும்' என்று இருந்தது. பூண்டு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுத்தான்.

அந்த வருஷமும் பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டம் எங்கள் மைதானத்தில் வந்து தங்கிப் போனது. அடுப்புக் குழியும் வண்டித் தடமுமாகக் கிடந்ததை மூடக் கல்லூரி வழக்கம்போல் செம்மண் கொட்டி உருளை ஓட்டியது. நாங்கள் அதன் மேலேயே மாங்கு மாங்கென்று பயிற்சி எடுத்தோம். பூண்டு போட்டதெல்லாம் விழுந்தது. சீசன் தொடங்கி வெளியூர் போனோம், வரிசையாக நாலு ஆட்டம் தோற்றோம். பந்து மறுபடியும் முன் விளிம்பில்தான் முட்டியது.

மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். மதுரைக்காரர்களோடு, எங்கள் மைதானத்தில். அந்த எட்டு வருஷத்தில் எங்கள் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டமே அதுதான். இதில் தோற்றால் சைக்கிள் ஸ்டாண்டு.

மதுரைக் கோச் வந்து இறங்கியதும் முதல் வேலையாக, "போன வருசம் எங்க வளையத்த மூணு வாட்டி அளந்தீங்கல்ல. இன்னைக்கு உங்களுத அளந்துருவோம்ங்க" என்றார்.

மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. தொரட்டியை எடுத்துவரச் சொன்னார். மதுரைக் கோச்சுக்குத் தொரட்டி மேல் சந்தேகம். கொக்கி வழுக்கும், கையால் பிடித்துத்தான் அளக்க வேண்டும் என்றார். ஆபீஸ் மேஜை வந்தது, அதன் மேல் இன்னொரு மேஜை ஏறியது. மாஸ்டர் மேலே ஏறினார். அவர் விரலை நம்பாமல் மதுரைக் கோச்சும் பின்னாலேயே ஏறினார். இரண்டு பேரும் வளையத்தின் பக்கத்தில் மூக்கும் மூக்கும் உரச நின்றுகொண்டு, ஒருவர் விரலை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். டேப் கீழே தொங்கியது. கீழே படிக்க ஆளில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பூண்டு தண்ணீர் குடிக்கப் போயிருந்தான், மதுரைப் பையன்கள் உடை மாற்றப் போயிருந்தார்கள். நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"ஏலே, நீ பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். ஒன்பதடி ஏழு இஞ்சு.

இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். காலடியில் இருந்த செம்மண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வளையம் இறங்கவில்லை, தரைதான் ஏறியிருந்தது. ஒவ்வொரு உத்திரத்துக்கும் அரை இஞ்சுக்கு மேல் மண் ஏறி ஏறி, எங்கள் வளையம் ஐந்து இஞ்சு குள்ளமாகிவிட்டது. நாங்கள் குள்ள வளையத்தில் பழகிக்கொண்டு ஊரெல்லாம் போய் நிஜ வளையத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். நான் வாயைத் திறக்காவிட்டால் இன்றைக்குப் பந்து கோட்டைவிடப் போவது மதுரைக்காரர்கள்தான் என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்தது. சைக்கிள் ஸ்டாண்டும் அந்த மூன்று பெண் குழந்தைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"பத்தடி சார்" என்றேன்.

மதுரைக் கோச் மேலேயிருந்து குனிந்து, "சரியாப் பாத்தியா தம்பி?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். "என் பையன் சொன்னாச் சரியாத்தான்ங்க இருக்கும்."

குதிகாலைத் தூக்கிய நாளில்கூட நான் அப்படிக் கூனிக் குறுகவில்லை.

ஆட்டத்தை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. மதுரைக்காரர்கள் போட்டதெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பலகையில் மோதியது. பூண்டு போட்டதெல்லாம் விழுந்தது. பதினெட்டு பாயிண்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம். பிரின்சிபால் ஓடிவந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், சைக்கிள் ஸ்டாண்டு பேச்சு இனிமேல் கிடையாது என்றார். பையன்கள் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவர் மட்டும் தோளில் உட்கார்ந்தபடியே மண்டையைச் சொறிந்துகொண்டு, "நாம எப்படிலே ஜெயிச்சோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளனே நான் மைதானத்துக்குப் போனேன். அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். எனக்கு முன்னாலேயே அவர் வந்திருந்தார். வளையத்தில் தொரட்டி மாட்டியிருந்தது. டேப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒம்போதடி ஏழு இஞ்சு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"ஆமா சார்."

"நேத்தும் அதானா?"

"ஆமா சார்."

அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செம்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"ஊர்ல உள்ள வளையத்தையெல்லாம் சந்தேகப்பட்டேன். எட்டு வருசத்துல நம்மளுத ஒரு நாள் அளக்கலயேடா" என்றார்.

அன்றைக்கே மதுரைக் கோச்சுக்கும் போட்டிச் செயலாளருக்கும் கடிதம் எழுதினார். ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் படிக்கக் கொடுத்தார். மைதானத்தின் தரை உயர்ந்துபோனதைக் கவனிக்கவில்லை, அளவில் நேர்ந்த பிழை முழுவதும் என்னுடையது, எங்கள் வெற்றியை ரத்து செய்யுங்கள் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், பொய் சொன்னது நான்தானே."

"டேப்பு என் டேப்பு. வெரசாப் போயித் தபால்ல போடு" என்றார். போட்டேனா என்று பின்னாலேயே வந்து பார்த்தார். அந்தப் புத்தி மாறவில்லை.

வெற்றி ரத்தானது. மதுரையில் மறு ஆட்டம் என்று தேதி கொடுத்தார்கள். அதற்குள் அணி மொத்தமும் மண்வெட்டி எடுத்து, இரண்டு வளையத்துக்கும் கீழே ஐந்து இஞ்சு வெட்டி எடுத்தோம். மழை பெய்தால் இரண்டு குளம். பூண்டுக்கு ஊரில் பூண்டுப் பாத்தி கட்டுகிற ஞாபகம் வந்து வெட்டிய மண்ணை வரப்பாகப் போட்டுவிட்டான். சரியான உயரத்தில் பத்து நாள் எறிந்து பழகிக்கொண்டு மதுரைக்குப் போனோம். இரண்டே பாயிண்டில் தோற்றோம்.

ஆனாலும் சைக்கிள் ஸ்டாண்டு வரவில்லை. இப்படி ஒரு கடிதத்தைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று மதுரைக் கோச் எங்கள் பிரின்சிபாலுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிரின்சிபால் அதைக் கல்லூரி மொத்தத்தையும் கூட்டி வைத்துப் படித்தார். படித்த வாயால் கோச்சைப் போகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த சீசனுக்கும் டேப் மாஸ்டரே என்று ஆர்டர் வந்தது. டெம்பரரிதான். அதில் பிரின்சிபாலின் கையெழுத்து நிஜமா என்று அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை நானே பார்த்தேன்.

மதுரையில் ஆட்டத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாஸ்டர் வழக்கம்போல் தொரட்டியை வளையத்தில் மாட்டினார். டேப் கீழே தொங்கியது. குத்தவைத்து உட்காரப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று என்னைக் கூப்பிட்டார். எங்கள் அணி மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய்க் குனிந்து படித்தேன்.

"எவ்வளவுலே?"

"பத்தடி சார்."

அவர் குனிந்து பார்க்கவில்லை. நோட்டை எடுத்து, பத்தடி என்று எழுதிக்கொண்டார்.