மண்ணுக்குப் பார்த்த காய்ச்சல்

இந்த வசந்தத்தில் தன் வீட்டுப் புல்தரையில் ஒரு களைகூடத் தலைகாட்டக் கூடாது என்று பெனடிக்ற் மாசி மாதமே முடிவெடுத்துவிட்டார். கல்யாணத்தன்று கோயிலில் வாக்குக் கொடுத்தபோதுகூட அவர் குரல் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

லண்டன் செவன் கிங்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் சச்சிதானந்தன். போன கோடையில் அவர் தன் பச்சைப் புல்லில் பாயை விரித்து, மனைவியோடு தேத்தண்ணி குடித்ததை பெனடிக்ற் மாடி ஜன்னலால் பார்த்துவிட்டார். அன்று பிடித்த ஏக்கம் இன்னும் விடவில்லை. பெனடிக்ற் விடிய நாலு மணிக்கு பஸ் ஓட்டப் போகும்போது மனைவி பியற்றிஸ் நித்திரை. இவர் திரும்பி வரும்போது அவள் முதியோர் இல்லத்தில் ஷிப்ட். ஞாயிறென்றால் பூசை, பிறகு பாட்டுக்குழு. முப்பது வருடத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது பிரிட்ஜில் ஒட்டிய துண்டுக் கடதாசிகளில்தான். ஒரே ஒரு மாலை அவள் பக்கத்தில் வந்து இருந்தால் போதும். ஆனால் களை மண்டிய தரைக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"மருந்து களை முளைக்கமுதல் போடவேணும், தம்பி," என்றார் சச்சிதானந்தன். "மண்ணுக்குள்ளை பத்துப் பாகைச் சூடு அஞ்சு நாள் தொடர்ந்து நிக்கோணும். பிந்தினா அவ்வளவுதான். அதுவரைக்கும் புல்லை மிதிச்சுப் போடாதை."

காலை ஒன்பது மணிக்குச் சூடு பார்க்கவேண்டும். அந்நேரம் பெனடிக்ற் பஸ்ஸோடு இல்போர்ட் நெரிசலில் நிற்பார். ஆகவே பொறுப்பு பியற்றிஸுக்கு.

"இறைச்சிக்கு வேக்காடு பாக்கிற கம்பியை மண்ணுக்கை குத்துறதோ? விசரே உங்களுக்கு?"

"உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன். பாத்து எழுதி வையும்."

"மண்ணுக்குக் காய்ச்சல் பாக்கத்தான் நான் லண்டனுக்கு வந்தனான்!"

ஆனாலும் எழுதினாள். ஆறு. ஏழு. ஏழு. எட்டு. மறுபடி ஆறு. பங்குனி போய்ச் சித்திரையும் பாதி போனது. பெனடிக்ற் லண்டன் குளிரைத் திட்டித் தீர்த்தார். ஆறுதல், துண்டுக்குப் பக்கத்தில் அவள் மூடி வைத்துப்போகும் கீரை வறை. இளம் கைப்போடு, தேங்காய்ப்பூ போட்டு வதக்கி, அப்படி ஒரு ருசி. 'வறை திறம். எந்தக் கடைக் கீரை?' என்று துண்டு எழுதினார். 'கிட்டத்தான்' என்று பதில் வந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் அதிசயமாக இருவருக்கும் லீவு. பெனடிக்ற் தானே கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். குத்தினார். பதின்மூன்று! குனிந்து பார்த்தார். மாடியிலிருந்து பச்சைப் பசேலென்று தெரிந்ததெல்லாம் களை. அதுவும் ஒழுங்காகக் கிள்ளிக் கிள்ளி எடுத்த களை.

"பியற்றிஸ்! நேற்றும் எட்டெண்டு எழுதினீர்!"

"ஓம்."

"ஓமோ?"

"பத்தெண்டு எழுதினா மருந்தைக் கொட்டியிருப்பியள். பிறகு நான் எதிலை வறை செய்யிறது?"

பெனடிக்றுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு மாதமாக ரசித்துத் தின்றது தன் பகைவனை.

"திறமெண்டு நீங்கள்தானே எழுதினியள்," என்றாள். குரல் இறங்கியது. "முப்பது வருசத்திலை என்ரை சமையலைப் பற்றி எழுதின முதல் துண்டு. பைபிளுக்கை வைச்சிருக்கிறன்."

வந்த கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. பியற்றிஸ் கீரை கிள்ளிப் போட ஒரு பேசினோடு வந்து, புல்லில், முழங்கை முட்ட அவர் பக்கத்தில் இருந்தாள். நல்ல வெயில். பெனடிக்றுக்கு ஏதாவது பேசவேண்டும்போல் இருந்தது. கைக்கு எட்டிய ஒரு களையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, வேரோடை பிடுங்காதேங்கோ! திரும்ப முளைக்க வேணுமெல்லோ!"