பத்துக்கு நாலு

பாடம் சொல்லித்தரும் மருத்துவமனைகளில் மட்டும் செழித்து வளரும் ஓர் இனம் உண்டு. வெள்ளைக் கோட்டு போட்டிருக்கும். கேண்டீன் பக்கம் அதிகம் திரியும். மதிப்பீட்டாளர் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

பல் மருத்துவப் பயிற்சியில் சேர்ந்த முதல் நாள், கருவிகள் வாங்கும் ஜன்னலருகே வரிசையில் நின்றபோதுதான் இந்த இனத்தை முதன்முதலில் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி, பெயரைக்கூடக் கேட்காமல், "எந்த யூனிட்டு?" என்றான். சொன்னேன். "அடப்பாவமே" என்று தோளைத் தட்டிக்கொடுத்தான். வேலையில் சேர்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் துக்கம் விசாரித்துவிட்டான்.

அவன் எதைப் பார்த்தாலும் மார்க் போடுவான். அறுவைச் சிகிச்சை பேராசிரியர் பத்துக்கு நாலு. வேர் சிகிச்சை மேடம் நாலு, அதுவும் கையெழுத்து அழகாக இருப்பதால். நூலகத்து மின்விசிறி நாலு. இதனால் அவனுக்கே 'பத்துக்கு நாலு' என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டம் வாங்கியதுபோல் நடந்துகொண்டான்.

"இங்க யாருடா சொல்லித்தர்றாங்க?" என்பது அவனுடைய காலை வணக்கம். அறை, திரை, ஒளிப்படம், ஒலிபெருக்கி, முன்வரிசையில் தூங்கும் ஒருவன் எல்லாம் சேர்ந்தால்தான் அவன் கணக்கில் அது பாடம். பேராசிரியர் பக்கத்தில் நின்று, "கட்டை விரலை இப்படி வை, தாடையைத் தாங்கிப் பிடி, இழுக்காதே, அசைத்துக் கொடு" என்று கையைப் பிடித்துக் காட்டினால், அதற்குப் பெயர் குறுக்கீடு. "தனியா வேலை செய்யவே விடமாட்டேங்கறாங்கப்பா" என்பான். பேராசிரியர் இல்லாத அன்றைக்கு? "அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க" என்பான். இரண்டையும் ஒரே தேநீருக்குள் சொல்லி முடிப்பான்.

ஆனால் அவன் புலம்பலில் ஒன்று நிஜம். மதியத்தில் எட்டுச் சிகிச்சை நாற்காலிகளுக்கும் சேர்த்து, சொல்லித்தர ஒரே ஒரு மேடம். முதல் நாற்காலியில் ஊசி போட்டுக் காட்டிவிட்டு எட்டாவதுக்கு ஓடுவார். அதற்குள் மூன்றாவதில் யாராவது அலறுவார்கள். நோயாளியா பயிற்சி டாக்டரா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அவனோடு ஒரே நாற்காலியில் வேலை பார்த்த தோழிக்கு இது விளையாட்டாக இல்லை. போன வாரம் ஒரு லாரி டிரைவருக்குப் பல் எடுக்கும்போது வேர் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. மேடம் வந்து சேரும்வரை அந்த மனிதர் திறந்த வாயை மூடவில்லை. நடுங்கிய அவள் கையைப் பார்த்து, வாயில் பஞ்சோடு, "ப்பயப்படாதம்மா" என்று அவர்தான் தைரியம் சொன்னார்.

ஆகவே, பயிற்சியின் தரம்பற்றி விசாரிக்க டீன் எல்லோரையும் அழைத்திருக்கிறார் என்றதும், எல்லோர் சார்பிலும் யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை.

"நீதான் பேசணும். மதியத்துக்கு இன்னொரு டீச்சர் வேணும்னு மட்டும் கேளு, போதும்" என்றாள் தோழி.

"கேக்கறதா? கிழிச்சுத் தொங்க விடறேன் பாரு" என்றான் அவன். கேண்டீனில் மூன்று மேசை தள்ளி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

படியேறும்போதும் அவன் வீரன்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாக்கியம் அவன் நாக்கு நுனியில் இருந்தது. உள்ளே போனான். ஏசி குளிர் முகத்தில் அடித்தது. கண்ணாடி மேசை, அதன்மேல் ஒரு பேனா. பயிற்சி முடித்ததாகத் தன் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகும் பேனா அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். வாக்கியம் தொண்டைக்கு இறங்கி, அங்கிருந்து வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

"பயப்படாம சொல்லுங்கப்பா. பயிற்சி எப்படிப் போகுது?" என்றார் டீன்.

அவன் எழுந்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டான்.

"சார், நீங்க கூப்பிட்டுக் கேக்கறீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம் சார்."

"அது இருக்கட்டும். பத்துக்கு எவ்வளவு குடுப்பே?"

"ஒன்பதரை சார்."

பின்வரிசையில் ஒருவனுக்குப் புரையேறியது.

"அந்த அரை எங்கப்பா போச்சு?"

"முழுசாக் குடுத்தா ஐஸ் வைக்கிற மாதிரி ஆயிடும் சார்."

டீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நல்லதாப் போச்சு. குழந்தைப் பல் பிரிவுல ஆள் பத்தலைன்னு ஒரே புலம்பல். உங்களுக்குத்தான் குறையே இல்லையே, உங்க மதியத்து மேடத்தை அங்க அனுப்பிடறேன்."

இருந்த ஒருவரும் போனார். பத்துக்கு நாலு தன் செருப்பு எங்கே இருக்கிறது என்று வாசலை எட்டிப் பார்த்தான்.

தோழி எழுந்தாள். "சார், வேணாம் சார். அனுப்பாதீங்க."

"ஏம்மா? நீ எவ்வளவு மார்க் குடுக்கறே?"

"மார்க்கெல்லாம் எனக்குத் தெரியாது சார். மூணு மணிக்கு ஒரு கடைவாய்ப்பல் எடுக்கணும். பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். அவ்வளவுதான் சார்." பிறகு டிரைவரின் கதையைச் சொன்னாள். முறிந்த வேரை மறைக்கவில்லை; தன் கை நடுங்கியதையும் மறைக்கவில்லை.

"இதைக் கேக்கத்தானே கூப்பிட்டேன்" என்றார் டீன். மேடம் போகவில்லை. வாரத்தில் மூன்று நாள் மதியத்துக்கு இன்னொருவரும் வந்தார். அன்று மூன்று மணிக்கு மேடம் அவள் முழங்கை அருகே நின்றார். கடைவாய்ப்பல் இரண்டு வேர்களோடும் முழுசாக வெளியே வந்தது.

நம் ஆள் என்ன செய்தான் என்கிறீர்களா? நான்கு மணிக்குக் கேண்டீனில் விளக்கினான்: "நான் முதல்ல அவரைக் குளிர வெச்சேன். அதனாலதான் அவ பேச முடிஞ்சுது. அது ஒரு டெக்னிக்குடா." சொல்லும்போது அவன் கண்ணில் கள்ளமே இல்லை. அவன் மனதார நம்பினான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன முறை முடிவெட்டிக்கொண்டபோது கடைக்காரர் பின்னந்தலைக்குக் கண்ணாடி பிடித்து, "சரியா இருக்கா சார்?" என்று கேட்டாரே, என்ன சொன்னீர்கள்? "சூப்பர்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அரைமணி நேரம் அவரைத் திட்டியது யார்? அவர் நிஜமாகத்தான் கேட்டிருப்பார். உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கும் அதே வெட்டுத்தான் கிடைத்திருக்கும்.

தோழி இப்போது வேறொரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணர். பத்துக்கு நாலு அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மாதம் ஒருமுறை பயிற்சி டாக்டர்களை அழைத்துக் குறைகளைக் கேட்கிறான். அவர்களுக்குக் குறையே இல்லையாம்.